மாடம், கோட்டை, வானம்

கலீமுல்லாவின் கடையில் போணி ஆகிற வரைக்கும் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு இடம் கிடையாது.

கடை என்றால் மேட்சிங் சென்டர். தி.நகரில் ரங்கநாதன் தெருக் கூட்டம் மூச்சு வாங்க ஒதுங்குகிற சந்து ஒன்றில், தரையிலிருந்து கூரை வரைக்கும் ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ். காலையில் முதல் வியாபாரம் முடிவதற்குள் யார் வந்து எதைக் கேட்டாலும் மறுத்துப் பேசக் கூடாது, பேசினால் அன்று முழுக்கக் கல்லா வாய் திறக்காது என்பது அவருடைய அத்தா காலத்துச் சட்டம். கத்தரிப்பூ கலர் கையிருப்பில் இல்லையென்றால், “வந்துகினே கீதும்மா, அதுவரைக்கும் இந்த வெங்காயக் கலரைப் பாருங்க” என்பார். சாயம் போகுமா என்று கேட்டால், “துணி போனாலும் சாயம் போவாது” என்பார். போணி ஆனபிறகு அவரும் உங்களையும் என்னையும் போல, தேவைப்பட்டால் உண்மை பேசுகிறவர்தான்.

நாட்டின் எரிசக்திக் கொள்கை அவர் கடைக்குள் நுழைந்தது போணிக்கு முன்னால்.

ஆடித் தள்ளுபடி ஓய்ந்து சந்து அசந்து கிடந்த ஒரு காலையில், கலீமுல்லா ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருக்கும்போது இரண்டு பேர் படியேறினார்கள். ஒருவர் டாக்டர் வெங்கடரமணன், அடையாற்றில் இருக்கும் தேசிய ஆற்றல் நிலைமாற்ற மையத்தின் இயக்குநர். மற்றவள் அந்த மையத்தின் ஆய்வாளர் ஹம்சினி, கையில் ஒலிப்பதிவுக்குத் தயாராகச் செல்போன்.

“கூரைமேல் சூரிய மின்பலகை பார்த்தோம். தங்களுடையதா?” என்றார் டாக்டர்.

“நம்மளுதுதான் சார்.”

“எப்படி வேலை செய்கிறது?”

உண்மை என்னவென்றால் அது வேலை செய்யவில்லை. போன வருஷம் தள்ளுபடிக் கூட்டத்தின் நடுவே கரண்ட் போய், இருட்டில் நாலைந்து துண்டுத் துணி காணாமல் போன கோபத்தில், மச்சான் சொன்னான் என்று மாட்டிய பலகை அது. எதிர்ச் சாரியில் ஜவுளி மாளிகை ஒன்று மாடிக்கு மேல் மாடியாக எழும்பி நிற்கிறது. அதன் நிழல் தாண்டி உச்சி வெயில் மட்டும் கொஞ்ச நேரம் பலகையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்தச் சக்தியில் கடையின் ஃபேன் சுற்றுகிறதா, யோசிக்கிறதா என்று சொல்வது கஷ்டம்.

ஆனால் போணி ஆகவில்லையே.

“ஜம்முனு ஓடுது சார்” என்றார் கலீமுல்லா.

“மின்வெட்டின்போது?”

“கரண்ட் போனதே தெரியாது சார்.”

“வணிகம் வளர்ந்திருக்கிறதா?”

“உங்க ஆசீர்வாதம்.”

ஹம்சினி வந்ததற்கு மரியாதையாக ஒரு மீட்டர் லைனிங் துணி வாங்கினாள். போணி ஆயிற்று. நோட்டைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்ட கலீமுல்லா, “மேடம், அந்த சோலார் விசயமா ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தார். டாக்டர் அதற்குள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “தரவு சேகரிப்பு முடிந்துவிட்டது” என்றார்.

அடுத்த வாரமே கார் வந்து அவரை அடையாற்றுக்கு அழைத்துப் போயிற்று.

மையத்தின் உள்ளே குளிர் அப்படி அடித்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சால்வை கொடுத்தார்கள். கலீமுல்லா அதை மரியாதை என்று நினைத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் கழுத்து வரை போர்த்திக்கொண்டதைப் பார்த்து அவரும் போர்த்திக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஏதோ உறுமியது.

“அது இன்னா சார் சத்தம்?”

“டீசல் ஜெனரேட்டர்” என்றார் டாக்டர் வெங்கடரமணன். “பழைய அமைப்பை நாங்கள் உள்ளிருந்தே ஆய்வு செய்கிறோம்.”

பிறகு திரையில் ஒரு படம் விழுந்தது. டாக்டர் எழுந்து நின்று விளக்கினார்.

“உலகம் மூன்று அடுக்கு. உச்சியில் வானம். பருவநிலை, போர், எண்ணெய் விலை. இவற்றை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நடுவில் கோட்டை. மின் நிலையம், கம்பம், கம்பி, சட்டம், மக்களின் பழக்கம். அசையாது. அடியில் மாடம். காற்றில் விளக்கு அணையாமல் இருக்கச் சுவரில் குடைந்து வைப்போமே, அந்த மாடம். புதுமை அங்கேதான் எரியும். வானம் கோட்டையை அழுத்தும். கோட்டையில் விரிசல் விழும். விரிசல் வழியே மாடத்து விளக்கு உள்ளே புகுந்து கோட்டையையே மாற்றிவிடும். ஐரோப்பாவில் இந்தக் கோட்பாட்டை வைத்துக் கொள்கையே வகுக்கிறார்கள். நம் நாட்டில் வானம் இருக்கிறது, கோட்டை இருக்கிறது. மாடம்தான் கிடைக்காமல் இருந்தது.”

அவர் சுட்டுக்கோலின் சிவப்பு வெளிச்சம் படத்தின் அடிவாரத்தில் ஒரு பச்சைப் புள்ளியில் போய் நின்றது.

“இவர்தான் அது.”

எல்லோரும் திரும்பிக் கலீமுல்லாவைப் பார்த்துக் கை தட்டினார்கள். அந்த அடி அடுக்குக்கு ஒரு தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடிக்கவே ஒரு மொழிபெயர்ப்புக் குழு இருந்ததாம். ‘பொந்து’, ‘இடுக்கு’ என்ற சொற்களைப் பரிசீலித்து, அவை மக்களைப் புண்படுத்தும் என்று தள்ளிவிட்டு, சிற்றுண்டிக்குப் பிறகு ‘மாடம்’ என்ற முடிவுக்கு வந்தார்கள் என்று ஹம்சினி காதோடு சொன்னாள்.

கலீமுல்லாவுக்கு வாய் வரைக்கும் உண்மை வந்தது. சால்வையைக் கழற்றிவிட்டுச் சொல்லலாமா, போர்த்திக்கொண்டே சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் கீரை வடை வந்துவிட்டது. கை நனைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு சரக்கு சரியில்லை என்று சொல்கிற வழக்கம் அவர் வம்சத்தில் இல்லை. வடையைத் தின்றார். இரண்டாவது வடையும் தின்றார்.

இங்கே ஒரு விஷயம். கலீமுல்லா விஷமக்காரர் கிடையாது. ஒரு வார்த்தையைச் சொன்னோம், அதை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள், விற்ற சரக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு நமக்கென்ன என்றுதான் அவர் இருந்தார். சரக்கு டெல்லி வரைக்கும் போகும் என்று அவர் கண்டாரா.

போயிற்று. வரைவுக் கொள்கையில் அவர் பெயரில் ஒரு அத்தியாயமே வந்துவிட்டது. ஒரு கடையில் எரிந்த விளக்கு தெரு முழுக்கப் பரவும் என்று நிரூபித்துக் காட்டச் சொல்லி மையத்துக்கு உத்தரவும் வந்தது.

ஒரு மத்தியானம் சந்தின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். பின்னால் கட்டிய பேனரில் கலீமுல்லாவின் முகம், ஷட்டரை விடப் பெரிதாக. கடைக்கு ஒரு மின்பலகை இலவசம். பதிலுக்குச் சந்துக் கடைக்காரர்கள் கம்பி மின்சாரத்தை விட்டுவிட வேண்டும். எல்லோரும் ஒருமனதாகக் கை தூக்கினால்தான் திட்டம் செல்லும். ஒரு கை குறைந்தாலும் செல்லாது.

மையத்தின் ஆலோசகர் மாணிக்கவாசகம் முதலில் பேசினார். ஓய்வுபெற்ற உயரதிகாரி.

“நான் பதவியில் இருந்த காலம் பூராவும் மின்சாரம் கொடுப்பதுதான் கொள்கை என்று தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான் தெளிவு பிறந்தது. கொடுக்காமல் இருப்பதற்கும் ஒரு கொள்கை இருக்கிறது. கொடுத்தால் ஜனங்கள் பழகிவிடுகிறார்கள். சுவிட்சைப் போட்டால் எரிய வேண்டும் என்கிறார்கள். இந்த மனோபாவத்தைத்தான் கோட்பாடு கோட்டை என்கிறது. உங்கள் மனதில் இருக்கும் கோட்டையை இடிக்கத்தான் நாங்கள் வந்திருக்கிறோம். வெளியில் இருக்கும் கோட்டையை அப்புறம் பார்க்கலாம்.”

மிக்ஸி ரிப்பேர் கடை ராமானுஜம் எழுந்தார். “எதிர்ல இருக்கற ஜவுளி மாளிகைக்கும் இதே ரூல்தானா சார்? அங்க ஏசி மூணாவது மாடி ஜன்னல் வழியா எங்க மேல சொட்டிக்கினு கீது.”

“அது கோட்டை” என்றார் டாக்டர் வெங்கடரமணன். “கோட்டையைத் திடீரென்று தொடக் கோட்பாட்டில் வழியில்லை.”

“அப்ப எங்களையும் கோட்டையில சேத்துக்குங்களேன்.”

“சேர முடியாது. அதில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.”

சாவிக்கடைக்காரர் கை தூக்கினார். ஜெராக்ஸ் கடைக்காரர் தூக்கினார். இலவசமாக வருகிற பலகையைக் கடைசிக்கு எடைக்காவது போடலாம் என்று ராமானுஜமும் தூக்கினார். மிஞ்சியது ஜானு மாமி ஒருத்திதான்.

ஜானு மாமியின் கடை கலீமுல்லா கடைக்கு ஒட்டிய சுவர். சேலைக்கு ஃபால்ஸ் வைத்து, ஓரம் பிக்கோ அடித்துக் கொடுப்பவள். கலீமுல்லாவிடம் துணி வாங்குகிறவர்கள் அடுத்த படியில் மாமியிடம் ஏறுவார்கள். இத்தனை வருஷத்தில் இருவருக்கும் வாய்த் தகராறு வந்தது கிடையாது. மாமி அதிகாரிகளைப் பார்க்கவில்லை. திரும்பிப் பேனருக்குக் கீழே நின்ற கலீமுல்லாவைப் பார்த்தாள்.

“பாய், நீங்க சொல்லுங்கோ. எனக்கு இவா சொல்ற வானமும் தெரியாது, பூமியும் தெரியாது. ரெண்டு மிஷின் மோட்டார்ல ஓடிண்டிருக்கு. தீபாவளி வரது. அந்த ஒரு சீசன்லதான் வருஷச் சாப்பாடே. இந்தப் பலகை என் மிஷினை இழுக்குமா?”

அன்றைக்குப் போணி எப்போதோ ஆகியிருந்தது. பொய் சொல்ல வியாபார முகாந்திரம் எதுவும் கிடையாது. மாணிக்கவாசகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் புன்னகை செய்தார். பேனரில் இருந்த கலீமுல்லா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை அத்தனை பேர் முன்னால் பொய்யனாக்கக் கீழே நின்ற கலீமுல்லாவுக்கு மனசு வரவில்லை.

“இழுக்கும் மாமி” என்றார்.

மாமி கை தூக்கினாள்.

மறுவாரம் வயர்மேன் ஏணியோடு வந்தான். கட்டிங் பிளையரை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பத்தில் ஏறினவனிடம் ராமானுஜம் கத்தினார்: “இன்னாய்யா, லைனைப் புடுங்கறியா?”

“புடுங்கலை சார். பாதுகாக்கறேன். அப்படித்தான் சொல்லச் சொல்லி ஆர்டர்.”

சந்து பாதுகாக்கப்பட்டது. எதிரே ஜவுளி மாளிகை பகலிலும் எல்லா மாடியிலும் விளக்கெரித்துக்கொண்டு நிற்க, இந்தப் பக்கம் கடைக்காரர்கள் அதன் நிழலில் ஒருவர் முகத்தை ஒருவர் தேடினார்கள்.

இருட்டில் மேட்சிங் சென்டர் நடத்துவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலவாக்கத்திலிருந்து வந்து கல்யாணத்துக்குத் துணி எடுத்துப் போன ஒரு அம்மாள் மறுநாளே பையோடு திரும்பி வந்தாள்.

“ராமர் பச்சைன்னு குடுத்தீங்களே பாய். இது இன்னா கலரு?”

“கடைக்குள்ள பச்சைதாம்மா.”

“வெளிய?”

“வெளிய மயில் கழுத்து.”

“அப்ப மண்டபத்துல என் பொண்ணு எந்தப் பக்கம் நிக்கணும்?”

கலீமுல்லா வேறு துணி கொடுத்து அனுப்பினார். அதுவும் வெளியே போனதும் வேறு ஏதோ ஆயிற்று. இதெல்லாம் அவரால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது பக்கத்துச் சுவர்.

முதல் நாள் மாமி சுவிட்சைப் போட்டபோது மோட்டார் ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி முனகல். கலீமுல்லா சுவருக்கு இந்தப் பக்கம் துணியை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது வருவாள், வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்பாள், கேட்டால் நமக்கும் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தார். மாமி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பழைய மிதியைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கட்டக் கட்டக்கென்று மிதிக்கிற சத்தம். அந்தச் சத்தம் தினமும் காலையில் ஆரம்பித்தது. நடு நடுவே நிற்கும். நிற்கும்போதெல்லாம் மாமி முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் வாசலில் எதிர்ப்பட்டுவிட்டாள்.

“மாமி, கால் எப்படி…”

“அதுக்கென்ன பாய். வாக்கிங் போங்கோன்னு டாக்டர் சொல்லிண்டே இருந்தார். இப்போ உக்காந்த இடத்துலேயே மாம்பலத்துலேர்ந்து மயிலாப்பூர் போயிட்டு வரேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றிலிருந்து கலீமுல்லா தொழுகைக்குப் போகும்போது மாமி கடையைத் தாண்டாமல், ஜவுளி மாளிகையின் குப்பைத் தொட்டிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். வீட்டில் அஃப்சருன்னிசா கணவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “ஊருக்கெல்லாம் ஆமா ஆமான்றீங்க. என் அண்ணன் பொண்ணு நிக்காவுக்கு வரச் சொன்னப்ப மட்டும் அந்த ‘இல்லை’ எங்கேந்து வந்துச்சு?” அவர் ரசத்துக்குக் கை நீட்டினார். மாமி கடைக்கு ஃபால்ஸ் வைக்கச் சேலை கொண்டு வந்துகொண்டிருந்தவர்கள் எதிர் மாளிகைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அங்கே நின்ற நிமிஷத்தில் அடித்துக் கொடுத்தார்கள்.

கலீமுல்லா அடையாற்றுக்குப் போனார். இந்தத் தடவை கார் வரவில்லை, பஸ்ஸில் போனார்.

“சார், எனக்கு வேணாம். மாமி கடைக்கு மட்டும் லைனைக் குடுத்துடுங்க.”

“ஒருவருக்குக் கொடுத்தால் மாடத்தின் தூய்மை போய்விடும்.”

“சரி, தீபாவளி வரைக்கும் குடுங்க. அப்பால புடுங்கிக்குங்க.”

“கோட்பாட்டில் பேரம் கிடையாது, கலீமுல்லா.”

பேரம் பேச மாட்டேன் என்பவனைக் கண்டால் கடைவீதியில் ஒருவரும் மதிப்பதில்லை. காசு அவன் பையிலிருந்து போகவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். கலீமுல்லா இன்னும் ஒரு படி இறங்கினார்.

“சார், அந்த சோலார் ஓடவே இல்லை. நான் சொன்னது பொய். கடைக்குள்ள இருட்டு.”

டாக்டர் வெங்கடரமணன் பேனாவை மூடி வைத்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடிய கலீமுல்லாவுக்கு அது கிடைக்கவில்லை.

“இருட்டும் ஒரு தரவுதான். இதை அப்படியே தேசியக் கலந்தாய்வில் சொல்லுங்கள். ஒரு சொல் மாற்ற வேண்டாம்.”

கலீமுல்லாவுக்கு நெஞ்சு லேசானது. எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், சொல்லிவிட்டால் அன்றைக்கே லைன் வந்துவிடும் என்று நம்பி, கலந்தாய்வு நாளன்று வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

அடையாற்றில் ஒரு பெரிய ஓட்டலின் அரங்கம். டெல்லியிலிருந்து வந்தவர்கள், வெளிநாட்டுக்காரர்கள், மாணிக்கவாசகம். கலீமுல்லாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

“நான் பொய் சொன்னேன் சார். அந்தப் பலகை ஒரு ஃபேனைக்கூட ஒழுங்கா சுத்தாது. என்னை நம்பிப் பக்கத்துக் கடை மாமி கை தூக்கினாங்க. இன்னிக்கு அவங்க கால் வீங்கிப்போய் மிதிச்சிக்கினு கீறாங்க. தப்பு என்னுது. அவங்களுக்கு லைனைத் திருப்பிக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். பிறகு ஒரு வெளிநாட்டு அம்மாள் எழுந்து நின்று கை தட்டினாள். எல்லோரும் எழுந்தார்கள். மாணிக்கவாசகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் வெங்கடரமணன் மைக்கை வாங்கிக்கொண்டார். “நண்பர்களே, வெற்றியிலிருந்து கற்பது எளிது. அதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். நாம் தோல்வியிலிருந்து கற்றிருக்கிறோம். இந்த ஆராய்ச்சி இப்போதுதான் பயன் தர ஆரம்பித்திருக்கிறது. இந்த நிலையில் இதை நிறுத்துவது அந்த அம்மையாரின் முழங்காலுக்கு நாம் செய்யும் துரோகம். திட்டத்தை நீட்டிக்குமாறு தாழ்மையுடன் கோருகிறேன்.”

நீட்டித்தார்கள். அதோடு ஒரு திருத்தமும் செய்தார்கள். பாதுகாக்கப்பட்ட தெருவில் என்ன மாறியிருக்கிறது என்று அளக்க, மாறாத கடை ஒன்று அதே தெருவில் வேண்டும். ஒப்பீட்டுக் கடை. யாரை வைப்பது என்ற கேள்வி வந்தபோது, நேர்மையாகப் பேசியவரையே வைக்கலாம் என்று மாணிக்கவாசகம் முன்மொழிந்தார்.

வயர்மேன் மறுபடி ஏணியோடு வந்தான். கம்பத்திலிருந்து ஒரே ஒரு லைன் இழுத்தான். கலீமுல்லா கடைக்கு.

“டேய், அது மாமி கடைக்குப் போக வேண்டியதுப்பா” என்றார் கலீமுல்லா. “நான் எழுதிக் குடுக்கறேன்.”

“உங்க பேருதான் பாய் போட்டிருக்கு. யாருக்கும் கிடைக்காதது உங்களுக்குக் கிடைச்சிருக்கு, கம்முனு வெச்சுக்குங்க.”

சுவிட்சைப் போட்டதும் கடை பளிச்சென்றது. எல்லா டியூப்லைட்டும் எரிந்தது. பச்சை பச்சையாக இருந்தது, நீலம் நீலமாக இருந்தது. கலீமுல்லா கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். இருட்டில் இருந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற கஷ்டம் இருந்ததில்லை. இப்போது சந்தில் போகிற ஒவ்வொருவருக்கும் அவர் முகம் ஒன்றுதான் தெரிந்தது. ராமானுஜம் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். “நல்ல வியாபாரம் பாய். உண்மைக்கு இவ்ளோ விலை போவும்னு தெரிஞ்சிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன்” என்றுவிட்டுப் போனார்.

கூட்டம் அவர் கடைக்கு மட்டும் வந்தது. அன்றைக்குக் கல்லா நிறைந்தது. மூடி போட்டு மூட முடியவில்லை. அவருக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

மாலையில் ஜானு மாமி வந்தாள். ஒரு கையில் அரக்குச் சேலை, மறு கையில் நூல்கண்டுகள்.

“பாய், எந்த நூல் இதுக்குச் சேரும்னு அங்க தெரியலை. உங்க வெளிச்சத்துல கொஞ்சம் பாத்துக்கட்டுமா? கஸ்டமரை மறைக்காம ஓரமா நிக்கறேன்.”

கலீமுல்லா கல்லாவைப் பூட்டாமலே வெளியே போனார். பக்கத்துக் கடையில் நுழைந்து பிக்கோ மிஷினை மேஜையோடு சேர்த்துத் தள்ள ஆரம்பித்தார்.

“என்ன பண்றேள்? மூட்டு விட்டுப் போயிடும், விடுங்கோ.”

“மிஷினுக்கா எனக்கா மாமி?”

“ரெண்டுத்துக்கும்தான்.”

ராமானுஜம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து மறுமுனையைப் பிடித்தார். மிஷின் மேட்சிங் சென்டரின் நடுவில் வந்து உட்கார்ந்தது. லைனிங் துணி அடுக்கு ஒன்று வாசலுக்குப் போயிற்று. அடுத்த நாள் இரண்டாவது மிஷின் வந்தது. அதற்கடுத்து ராமானுஜம் இரண்டு மிக்ஸியோடு வந்தார். சாவி அறுக்கிற இயந்திரம் ஃபால்ஸ் அலமாரிக்குக் கீழே புகுந்தது. ஜெராக்ஸ் மிஷினை நிறுத்த வேறு இடமில்லாமல் கல்லா மேஜையை எடுத்துவிட்டார்கள். ரவிக்கைத் துணி வாங்க வந்த பெண்கள் சாவித் தூளையும் மிக்ஸி அலறலையும் தாண்டிக் கால் வைத்தார்கள். ஆதார் கார்டு நகலெடுக்க வந்த ஒரு பெரியவர் மெஜந்தா கலர் லைனிங் வாங்கிக்கொண்டு போனார்.

மாமியின் மோட்டார் ஓடியது. ஆனால் சீசனில் பாதி ஏற்கெனவே எதிர் மாளிகைக்குப் போய்விட்டிருந்தது. முழங்காலில் கட்டுத் துணி இருந்தது. ஆறு கெஜமும் ஒருத்தியே இழுத்துப் பிடித்துக்கொண்டு அடிக்க முடியாமல், “பாய், அந்தப் பக்கத்து நுனியைப் பிடிங்கோ” என்பாள். கலீமுல்லா வாடிக்கையாளர்களை விட்டுவிட்டுப் போய்ப் பிடிப்பார். ஊசி ஓடுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். மாமி முகத்தை அவர் பார்த்தது கிடையாது.

“மாமி” என்று ஒருநாள் ஆரம்பித்தார். “அன்னிக்கு நான் இழுக்கும்னு சொன்னது…”

“தளர விடாதேங்கோ பாய். சுருக்கம் விழறது.”

அவ்வளவுதான். மன்னித்தாளா, மன்னிக்கவில்லையா என்பதை மாமி கடைசி வரை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஒரு விலை தெரிந்திருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மையத்திலிருந்து பெரிய குழு வந்தது. டாக்டர் வெங்கடரமணன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரே கடையின் வெளிச்சத்தில் ஐந்து கடைகள் முட்டி மோதிக்கொண்டு வேலை பார்ப்பதைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

“பார்த்தீர்களா” என்றார் மாணிக்கவாசகத்திடம். “நாம் ஒன்றுமே செய்யவில்லை. தெருவே தன்னைச் சுருக்கிக்கொண்டுவிட்டது. எல்லாக் கடைக்கும் மின்சாரம் கொடுத்தோமே இவ்வளவு காலம், எத்தனை வீண்.”

ஹம்சினி மட்டும் உள்ளே வந்தாள். நடக்க இடமில்லாமல் மிக்ஸிக்கும் மிஷினுக்கும் நடுவில் நின்றாள். “அங்கிள், நான் இப்ப என்ன எழுதறது?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“உள்ளதை எழுதும்மா.”

“எழுதினேன் அங்கிள். போன தடவையும் எழுதினேன். பாராட்டினாங்க.”

புகைப்படக்காரன் படியேறி நின்று குறி பார்த்தான். மாமி அடித்துக்கொண்டிருந்தாள். கலீமுல்லா சேலை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பாய், கொஞ்சம் நிமிருங்க. மூஞ்சி விழல.”

கலீமுல்லா நிமிரவில்லை.

“பாய், கேமராவைப் பாருங்க.”

“அவரை விடுங்கோ” என்றாள் மாமி, மோட்டாரை நிறுத்தாமல். “எடுக்கறதுன்னா இப்படியே எடுத்துக்கோங்கோ.”

எடுத்துக்கொண்டார்கள்.

தீபாவளி முடிந்து, வராத வாடிக்கையாளர்களுக்காக வாங்கி வைத்த ஃபால்ஸைச் சுருட்டி மாமி பரண்மேல் போட்ட பிறகு, அறிக்கை அச்சாகி வந்தது. ஒரு தெருவுக்கு ஒரு கடையில் மின்சாரம் இருந்தால் போதுமானது என்றும், இதை நாடெங்கும் விரிவாக்கலாம் என்றும், தி.நகர் சந்தின் மற்ற இணைப்புகளைத் திருப்பித் தருவது கோட்பாட்டைப் பின்னோக்கி இழுக்கும் என்றும் அதில் பரிந்துரை செய்திருந்தார்கள். வழவழப்பான அட்டையில், பிக்கோ மிஷின் முன்னால், அரக்குச் சேலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நிற்கும் கலீமுல்லா. படத்துக்குக் கீழே தங்க நிற எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்:

‘நிலைமாற்றத்தைத் தலைவணங்கி வரவேற்கும் சிறு வணிகர்.’